இரவில் இறங்க மறுக்கும் ரத்த அழுத்தம்

வாசகர் கேள்வி:

எனக்கு வயது 62. பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்துக்கு அருகில் மூன்று ஏக்கர் மாந்தோப்பைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். 11 ஆண்டுகளாக ரத்த அழுத்தத்துக்குக் காலையில் அம்லோடிபின் 5 மில்லிகிராம் ஒன்று சாப்பிடுகிறேன். சர்க்கரை நோய் இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலர் வீட்டுக்கு வந்து பார்க்கும்போதெல்லாம் 132/82, 134/84 என்றுதான் இருக்கிறது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ரத்தக் கழிவான கிரியேட்டினின், மூன்று ஆண்டுகளுக்கு முன் 1.2 ஆக இருந்தது இப்போது 1.6 ஆகிவிட்டது. இரவில் மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுகிறேன்; மாலையில் கால் வீங்குகிறது. சென்ற மாதம் இரண்டு முறை நள்ளிரவில் மூச்சு முட்டி எழுந்து, ஜன்னலோரம் பத்து நிமிடம் உட்கார்ந்த பிறகு சரியாயிற்று. மருத்துவர் 24 மணி நேரக் கருவியைக் கையில் கட்டி அனுப்பினார். பகல் சராசரி 138/84, இரவுச் சராசரி 146/86 என்று வந்தது. அன்றிரவு மோட்டார் போட இரண்டு முறை தோப்புக்குப் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எக்கோ என்ற இதய ஸ்கேனில் இதயம் 60 விழுக்காடு பம்ப் செய்கிறது, நார்மல் என்கிறார்கள். ஆனால் இதயச் சுவர் 13 மி.மீ. தடிப்பு என்றும் இடது மேலறை சற்றுப் பெரிது என்றும் எழுதியிருக்கிறது. பகலில் சரியாக இருக்கும் அழுத்தம் தூங்கும்போது ஏன் ஏற வேண்டும்? மாத்திரையை இரவுக்கு மாற்றிவிட்டால் போதும் என்று என் மகனின் நண்பர் சொல்கிறார், அப்படிச் செய்யலாமா? மூட்டுவலிக்கு வாரத்தில் நான்கைந்து நாள் வலி மாத்திரை போடுகிறேன். எங்கள் பகுதித் தண்ணீர்தான் சிறுநீரகத்தைக் கெடுத்ததா? நிறையத் தண்ணீர் குடித்தால் சரியாகுமா? மாம்பழம் சாப்பிடலாமா?

மருத்துவர் பதில்:

மதிப்பிற்குரிய ஐயா,

கடிதத்தின் நடுவில் நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட ஒரு வரியிலிருந்து தொடங்குகிறேன். நள்ளிரவில் மூச்சு முட்டி எழுந்து, உட்கார்ந்த பிறகு சரியாயிற்று என்கிறீர்கள். படுத்தால் முட்டுவதும் உட்கார்ந்தால் தணிவதும் நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்குவதன் அடையாளமாக இருக்கலாம். இதை உங்கள் மருத்துவரிடம் சொன்னதாக நீங்கள் எழுதவில்லை; எனவே இந்த வாரத்துக்குள் அவரை நேரில் பார்த்து, மற்ற எதையும் சொல்வதற்கு முன் இதைச் சொல்லுங்கள். மறுபடி அவ்வாறு நேர்ந்து சில நிமிடங்களில் தணியாவிட்டாலோ, நெஞ்சு வலியோ குளிர்ந்த வியர்வையோ நுரை கலந்த சளியோ சேர்ந்து வந்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணி பார்த்த எந்த மருத்துவருக்கும் தெரியும்: இத்தகைய மூச்சுத்திணறலோடு வருகிறவர்களில் பலர், மாலையிலேயே சற்றுச் சிரமமாக இருந்தது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டோம் என்றுதான் சொல்வார்கள்.

இனி உங்கள் எண்களுக்கு வருவோம். உடல்நலமுள்ள ஒருவருக்கு உறக்கத்தில் ரத்த அழுத்தம் பகல் அளவிலிருந்து 10 முதல் 20 விழுக்காடு வரை இறங்க வேண்டும். உங்கள் பகல் சராசரியான 138-ஐ வைத்துக் கணக்கிட்டால், இரவில் 124-க்குக் கீழே வந்திருக்க வேண்டும். உங்களுக்கோ இறங்காததோடு எட்டு புள்ளிகள் ஏறியும் இருக்கிறது. உறக்க நேரச் சராசரி 120/70-ஐத் தொட்டாலே அதை உயர் ரத்த அழுத்தம் என்றே கொள்கிறோம். பகலுக்கு அந்த எல்லை 135/85. ஆகவே பகல் அழுத்தமும் நீங்கள் நினைப்பதுபோல முழுக்கச் சரியாக இல்லை, எல்லையை ஒட்டிக் கடந்தே நிற்கிறது. தன்னார்வலர் குறித்துத் தரும் எண்கள் தவறானவை என்று இதற்குப் பொருளில்லை. அவரை அனுப்பும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. அதனால் மருந்து விடுபடாமல் தொடர்ந்து சாப்பிடுகிறவர்களை நான் அன்றாடம் பார்க்கிறேன். ஆனால் காலை பத்து மணிக்கு வீட்டுத் திண்ணையில் எடுக்கும் ஓர் அளவு, நள்ளிரவு இரண்டு மணிக்கு உங்கள் ரத்தக் குழாய்களில் நடப்பதைச் சொல்லாது.

அன்றிரவு இரண்டு முறை தோப்புக்குப் போனதை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. பெரும்பாலோர் இதைச் சொல்வதில்லை, மருத்துவர்களும் கேட்பதில்லை. கருவி இரவில் பொதுவாக அரை மணிக்கு ஒருமுறை பட்டையை இறுக்கி அளவெடுக்கும். நீங்கள் இருட்டில் வரப்பில் நடந்துகொண்டிருந்தபோது எடுத்த அளவும் இரவுக் கணக்கில்தான் சேர்ந்திருக்கும். மேலும், இரவு பத்து முதல் காலை ஆறு வரை என்று முன்கூட்டியே குறித்துவைத்த நேரத்தைப் பல கருவிகள் இரவாக எடுத்துக்கொள்கின்றன. நாலரைக்கே எழுந்துவிடும் விவசாயிக்கு அதில் ஒன்றரை மணி நேரம் விழிப்பு. எனவே, கரண்டு வரும் நேரத்தைப் பார்த்து மோட்டார் போடும் பொறுப்பை வேறொருவரிடம் விட்டுவிட்டு, இன்னொரு நாள் கருவியைக் கட்டிப் பாருங்கள். படுத்த நேரம், எழுந்த நேரம், சிறுநீர் கழிக்க எழுந்த நேரம் ஆகியவற்றைத் தாளில் குறித்துக் கொடுங்கள். மறு பதிவில் எண் சற்றுக் குறையக்கூடும். இருந்தாலும், கிரியேட்டினின் ஏற்றம், இரவுச் சிறுநீர், கால் வீக்கம், தடித்த இதயச் சுவர் ஆகிய நான்கும் அந்த 146 சொல்வதையே சொல்வதால், அந்த ஓர் இரவைத் தள்ளிவைத்துவிட்டாலும் என் கருத்து பெரிதாக மாறாது.

தூங்கும்போது ஏன் ஏற வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இதுதான் உங்கள் கடிதத்தின் மையக் கேள்வி. இதற்கான விடை இதயத்தில் தொடங்காமல் சிறுநீரகத்தில் தொடங்குகிறது. ஒரு நாளில் சிறுநீரகங்கள் ஏறக்குறைய 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டி, அதில் 99 விழுக்காட்டுக்கும் மேலானதைத் திரும்ப உள்ளே எடுத்துக்கொண்டு, ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் சிறுநீராக வெளியே விடுகின்றன. நாம் உண்ட உப்பு வெளியேறும் முக்கிய வழியும் அதுதான். நல்ல நிலையில் இருக்கும் சிறுநீரகம் அன்றைய உப்பில் பெரும்பகுதியைப் பகலிலேயே வெளியேற்றிவிடுவதால், இரவில் அதற்கு அதிக வேலை இருப்பதில்லை. அழுத்தமும் நிம்மதியாக இறங்குகிறது.

ஏரி மதகை நினைத்துப் பாருங்கள். மதகு முழுதாகத் திறந்திருந்தால், ஏரியில் நீர்மட்டம் குறைவாக இருந்தாலும் வேண்டிய நீர் பகலுக்குள் பாய்ந்துவிடும். மதகில் பாதி மண் அடைத்துக்கொண்டால், அதே அளவு நீர் பாய்வதற்கு இரண்டு வழிகளே உண்டு: ஏரியின் மட்டம் உயர வேண்டும், அல்லது இரவு முழுவதும் மதகு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். உங்கள் உடல் இரண்டையும் சேர்த்துச் செய்கிறது. வடிகட்டிகள் குறைந்துபோன சிறுநீரகம், பகலில் முடிக்க முடியாத உப்பு வெளியேற்றத்தை இரவுக்குத் தள்ளிவைக்கிறது. அதை வெளியே தள்ளுவதற்கு உயர்ந்த அழுத்தம் தேவைப்படுவதால், உடல் அந்த அழுத்தத்தை இரவிலும் இறக்காமல் வைத்திருக்கிறது. நீங்கள் மூன்று முறை எழுந்து கழிக்கும் சிறுநீரில் அந்தப் பகல் பாக்கிதான் போகிறது. 62 வயது ஆணுக்கு இது சிறுநீர்ப்பைக்குக் கீழுள்ள புரோஸ்டேட் சுரப்பியின் தொல்லையாகவும் இருக்கலாம் என்பதால் அதையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. இரண்டையும் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு முறையும் சொட்டுச் சொட்டாகக் கொஞ்சம்தான் போகிறது என்றால் புரோஸ்டேட்டை நினைக்கலாம். ஒவ்வொரு முறையும் சொம்பு நிறையும் அளவுக்குப் போகிறது என்றால் உப்பையும் நீரையும் நினைக்க வேண்டும்.

உறக்கத்தில் அழுத்தம் இறங்காமல் இருப்பதற்கு வேறு காரணங்களும் உள்ளன. குறட்டையோடு இடையிடையே மூச்சு நின்று நின்று வரும் உறக்கக் கோளாறு அவற்றுள் முக்கியமானது. இதை உங்களிடம் கேட்டுப் பயனில்லை, வீட்டம்மாவிடம்தான் கேட்க வேண்டும். ஓசூர்ப் பக்கம் தொழிற்சாலைகளில் இரவுப் பணி செய்கிறவர்களிடம் பகலும் இரவும் இடம் மாறி அளவுகள் குழம்பியிருப்பதையும் பார்க்கிறோம். அது உங்களுக்குப் பொருந்தாது.

உங்கள் கிரியேட்டினினைக் கொண்டு சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் கணக்கிட்டுப் பார்த்தேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் சுமார் 70 ஆக இருந்தது இப்போது சுமார் 48 ஆகிவிட்டது. 60-க்குக் கீழே மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் அதை நாள்பட்ட சிறுநீரக நோய் என்கிறோம். ஆகவே மூன்று மாத இடைவெளியில் மறுபடி பார்க்காமல் முத்திரை குத்த முடியாது. ஆனால் 1.2-க்கும் 1.6-க்கும் இடையில் 0.4 தானே வித்தியாசம் என்று ஆறுதல் அடைய வேண்டாம். கிரியேட்டினின் கணக்கு நேர்கோட்டில் போவதில்லை. தொடக்கத்தில் சிறிய ஏற்றமே பெரிய இழப்பைக் குறிக்கும்.

இதயத்துக்கு வருவோம். ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கும் இதயத்துக்கு ஓய்வு என்று ஒன்று உண்டென்றால், அது உறக்கத்தில் குறைந்த அழுத்தத்துக்கு எதிராகத் துடிக்கும் அந்த ஏழெட்டு மணி நேரம்தான். அதுவும் பறிபோகும்போது, சுமை தூக்கும் தொழிலாளியின் தோள் தடிப்பதுபோல இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடிக்கிறது; உங்கள் எக்கோவில் உள்ள 13 மி.மீ. அந்தத் தடிப்புதான். ஆண்களுக்கு அது 10 மி.மீ. அளவில் இருந்திருக்க வேண்டும். தடித்த சுவர் சுருங்குவதில் குறை வைப்பதில்லை, அதனால் 60 விழுக்காடு என்ற எண் அழகாகவே இருக்கும். விரிந்து ரத்தத்தை வாங்கிக்கொள்வதில்தான் அது விறைத்துப்போகிறது. வாங்க இடமில்லாத ரத்தம் மேலறையில் தேங்கி, மேலறை பெருத்து, அதற்கும் பின்னால் நுரையீரலில் அழுத்தம் கூடுகிறது. பகல் முழுவதும் காலில் தேங்கிய நீர், நீங்கள் படுத்தவுடன் மெல்ல மேலேறி நெஞ்சுக்கு வருகிறது. அதே நேரத்தில் அழுத்தமும் 146-ல் நிற்கிறது. இரண்டும் சேரும் நேரம்தான் உங்கள் நள்ளிரவு இரண்டு மணி.

பம்ப் செய்யும் விழுக்காடு சரியாக இருந்தும் இதயச் செயலிழப்பு வரக்கூடும் என்பதை இந்த இடத்தில் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதயச் செயலிழப்பு என்ற சொல்லே சரியில்லை என்பது என் எண்ணம்; இதயம் நின்றுவிட்டதைப் போல அது ஒலிக்கிறது. உடலுக்கு வேண்டிய வேலையை அளவுக்கு மீறிய அழுத்தமில்லாமல் இதயத்தால் செய்ய முடியவில்லை என்பதே அதன் பொருள். உங்களுக்கு அது இருக்கிறது என்று நான் கடிதத்தை வைத்துச் சொல்லவில்லை. இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டிய நிலையில் இருக்கிறீர்கள் என்கிறேன். அதற்கு உதவும் என்.டி.புரோ பி.என்.பி. என்ற ரத்தப் பரிசோதனை ஒன்று உண்டு. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அந்த எண் தானாகவே சற்றுக் கூடியிருக்கும் என்பதால், தாளில் தடித்த எழுத்தில் வருவதைக் கண்டு நீங்களே முடிவுக்கு வராமல், மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

இந்தத் தொடர்பு வெறும் ஊகமல்ல. சுவீடனின் உப்சலா நகரில் 70 வயது ஆண்கள் 951 பேரை ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் பின்தொடர்ந்து 2006-ல் வெளியிட்ட ஆய்வில், இரவு அழுத்தம் பகல் அழுத்தத்துக்குக் கீழே இறங்காதவர்களுக்கு இதயச் செயலிழப்பு வரும் வாய்ப்பு இருமடங்குக்குச் சற்று அதிகமாக இருந்தது. ஜப்பானில் 6,359 பேரிடம் செய்து 2020-ல் வெளிவந்த ஆய்விலும், உங்களைப் போல இரவில் ஏறும் பாங்கு உடையவர்களுக்கு அந்த வாய்ப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்காக இருந்தது. இத்தகைய ஆய்வுகள் தொடர்பைக் காட்டுகின்றனவே தவிர, இன்னாருக்கு வந்தே தீரும் என்று சொல்வதில்லை.

அப்படியானால் மாத்திரையை இரவுக்கு மாற்றிவிடலாமே என்பது உங்கள் மகனின் நண்பருடைய வாதம். சில ஆண்டுகளுக்கு முன் மருத்துவர்களில் பலரும் அப்படித்தான் நம்பினோம்; நானும் பலருக்கு மாற்றி எழுதியிருக்கிறேன். பின்னர் பிரிட்டனில் 21,104 பேரிடம் நடத்தப்பட்டு 2022-ல் முடிவு வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், மாத்திரையைக் காலையில் சாப்பிட்டவர்களுக்கும் மாலையில் சாப்பிட்டவர்களுக்கும் மாரடைப்பிலோ பக்கவாதத்திலோ இறப்பிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அதிலும் நீங்கள் சாப்பிடும் அம்லோடிபின் உடலில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் எடுத்துக்கொள்வது. அதற்குக் காலை, மாலை என்ற கணக்கே பெரிதாக இல்லை. மறக்காமல் சாப்பிடும் வேளை எதுவோ அதுவே உங்களுக்கு நல்ல வேளை. மதகில் மண் அடைத்திருக்கும்போது கடிகாரத்தை மாற்றி வைப்பதில் என்ன பயன்?

செய்ய வேண்டியவற்றுள் முதலில் உப்பைச் சொல்கிறேன். 1990-களில் ஜப்பானிய மருத்துவர்கள், இரவில் அழுத்தம் இறங்காதவர்களுக்கு உப்பை நன்றாகக் குறைத்துப் பார்த்தார்கள். இரவு இறக்கம் திரும்பி வந்தது. நீர் மாத்திரை கொடுத்தபோதும் அவ்வாறே நிகழ்ந்தது. முன்பே நன்றாக இறங்கிக்கொண்டிருந்தவர்களிடம் அந்தத் தாளத்தில் பெரிய மாற்றமில்லை. இரவு ஏற்றம் உப்புப் பாக்கிதான் என்று நான் மேலே சொன்னதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி அளவுக்குள் உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான் குறைவாகத்தான் போடுகிறேன் என்று சொல்லாத வீட்டை இதுவரை நான் பார்த்ததில்லை. ஆகவே வாயால் கேட்பதை விட்டுவிட்டு, பாக்கெட்டில் தேதி எழுதச் சொல்கிறேன். ஒரு கிலோ உப்பு பாக்கெட்டை உடைக்கும் நாளில் பேனாவால் அதன்மீது தேதியைக் குறித்துவையுங்கள். வீட்டில் நான்கு பேர் என்றால் நாளுக்கு 20 கிராம் வீதம் அது 50 நாள் வர வேண்டும். 25 நாளில் தீர்ந்தால் ஆளுக்கு 10 கிராம் போகிறது என்று பொருள். கடையில் வாங்கிய ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் எல்லாம் அந்தக் கணக்கில் சேராது. கூடுதலாகப் போகும் அந்த 5 கிராம் என்ன செய்யும் என்பதற்கு ஓர் அளவு சொல்கிறேன். மருத்துவமனையில் ஏற்றும் அரை லிட்டர் சலைன் பாட்டிலில் இருப்பது நாலரை கிராம் உப்புதான். சிறுநீரகம் வெளியேற்ற முடியாமல் தங்கிவிடும் 5 கிராம் உப்பு, ஏறக்குறைய அப்படியொரு பாட்டில் நீரை உடலில் பிடித்து வைத்துக்கொள்ளும்.

நம் பக்கத்துச் சாப்பாட்டில் பிழை களியில் இல்லை. கேழ்வரகில் இயல்பாக உள்ள சோடியம் மிகக் குறைவு. களியைத் தொட்டு விழுங்கும் கருவாட்டுக் குழம்பிலும், கூழுக்குக் கடித்துக்கொள்ளும் ஊறுகாயிலும், மோரில் அள்ளிப் போடும் கல்லுப்பிலும்தான் எல்லாம் இருக்கிறது. கீரைக் கடைசலுக்கும் கொள்ளுக் கடைசலுக்கும் உப்பைப் பாதியாக்கிப் புளியும் பூண்டும் சீரகமும் சற்றுத் தூக்கலாகச் சேர்த்தால், இரண்டு வாரத்தில் நாக்கு பழகிவிடும். வெயிலில் உழைப்பவனுக்கு உப்பு வேண்டாமா என்ற கேள்வி உங்கள் மனத்தில் எழும். சித்திரை வெயிலில் நாள் முழுவதும் மண் வெட்டுகிற இளைஞருக்கு அது நியாயமான கேள்வி; காலையில் இரண்டு மணி நேரம் தோப்பைச் சுற்றிவந்து கால் வீங்கி நிற்கும் உங்களுக்கு அது பொருந்தாது. சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள்; சிறுநீரகம் தளர்ந்தவருக்குப் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

அடுத்தது வலி மாத்திரை. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைகொள்ளச் செய்தது, வாரத்தில் நான்கைந்து நாள் என்று நீங்கள் எழுதிய அந்தச் சொற்கள். டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், இபுபுரோஃபென் முதலிய மாத்திரைகள் சிறுநீரகத்துக்குள் செல்லும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கின்றன, உப்பையும் நீரையும் உடலில் தேக்குகின்றன, அழுத்தத்தை ஏற்றுகின்றன, இதயச் செயலிழப்பைத் தூண்டுகின்றன. உங்களுக்கு உள்ள ஒவ்வொரு தொல்லைக்கும் அது கொஞ்சம் கொஞ்சம் எண்ணெய் ஊற்றுகிறது. இன்றே நிறுத்துங்கள். வலிக்குப் பாராசிட்டமால், வெந்நீர் ஒத்தடம், தொடைத் தசைக்கான பயிற்சி, மேலே தடவும் களிம்பு ஆகியவற்றில் எது எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நிறுத்திய சில வாரங்களில் கிரியேட்டினின் ஓரளவு இறங்கவும் கூடும். அப்படி இறங்கினால், 1.6-ல் எவ்வளவு நோய், எவ்வளவு மாத்திரை என்பது அப்போது தெரியும்.

தண்ணீரைப் பற்றிக் கேட்டீர்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி என்பது நெடுங்காலமாக அறிந்ததே. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் பயன்பாட்டுக்கு வந்ததற்கு அதுவே காரணம். ஃபுளோரைடு முதலில் தாக்குவது பற்களையும் எலும்பையும் மூட்டுகளையும்தான். உங்கள் சிறுநீரகத்தை நேரடியாக அதுதான் கெடுத்தது என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் இங்கே நான் அடிக்கடி காணும் ஒரு சங்கிலி உண்டு: பல்லாண்டுகள் ஆழ்துளைக் கிணற்று நீர் குடித்தவருக்கு முதுகும் முழங்காலும் விறைத்துப்போகின்றன, வலி தாங்காமல் மருந்துக் கடையில் சீட்டில்லாமல் மாத்திரை வாங்குகிறார், அந்த மாத்திரை சிறுநீரகத்தைத் தொடுகிறது. உடலிலிருந்து ஃபுளோரைடை வெளியேற்றுவதும் பெரும்பாலும் சிறுநீரகமே என்பதால், அது தளர்ந்த பிறகு அதே நீர் முன்பைவிட அதிகமாக உடலில் தங்கும். தோப்புக் கிணற்று நீரைக் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் இனி வேண்டாம். குழாயில் வரும் ஒகேனக்கல் நீரைப் பயன்படுத்துங்கள்.

அந்த நீரையும் நான்கைந்து லிட்டர் குடித்துச் சிறுநீரகத்தைக் கழுவிவிடலாம் என்று எண்ண வேண்டாம். கல் இருப்பவருக்குச் சொன்ன அறிவுரை, காலில் நீர் தேங்கியவருக்கு எதிர்விளைவு தரும். தாகத்துக்குக் குடியுங்கள், அளவு வரையறை வேண்டுமா என்பதை உங்கள் மருத்துவர் வீக்கத்தைப் பார்த்துச் சொல்வார். மாம்பழத்தைப் பொறுத்தவரை, மாந்தோப்புக்காரரிடம் சாப்பிடாதே என்று சொல்லும் துணிவு எனக்கில்லை, தேவையும் இல்லை. ரத்தத்தில் பொட்டாசியம் சரியாக இருக்கும்வரை நாளுக்கு இரண்டு துண்டு சாப்பிடலாம். உப்பும் மிளகாய்ப் பொடியும் தொட்ட மாங்காய்க் கீற்று வேண்டாம். இளநீர் ஒன்றிலேயே பொட்டாசியம் 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடும் என்பதால், பரிசோதனை முடியும்வரை அதைத் தள்ளிவையுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது, இதுவரை செய்யாத ஒரு பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்: காலைச் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதத்துக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம். அது 30-க்கு மேல் இருந்தால் வடிகட்டிகளில் கசிவு இருக்கிறது. 300-க்கு மேல் போனால் சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் ஆபத்து கூடுகிறது. சோடியம், பொட்டாசியம், ஹீமோகுளோபின், சிறுநீரக ஸ்கேன் ஆகியவையும் வேண்டும். ஸ்கேனில் ஒரு சிறுநீரகம் மற்றதைவிடச் சிறுத்திருந்தால், அதற்குச் செல்லும் தமனி குறுகியிருக்கிறதா என்று, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் செய்து பார்ப்பார்கள். திடீரென்று நள்ளிரவில் மூச்சு முட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம். டெல்மிசார்டன் வகை ரத்த அழுத்த மாத்திரையைத் தொடங்குவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. அந்த வகை மாத்திரை சிறுநீரகத்தைக் காப்பது. ஆனால் தொடங்கிய இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்த்தாக வேண்டும். கிரியேட்டினின் 30 விழுக்காடு வரை ஏறினால் பொறுத்துக்கொள்கிறோம். அதற்கு மேல் போனால் காரணம் தேடுகிறோம்.

காலில் தேங்கிய நீரை இறக்க நீர் மாத்திரை எழுதினால், அதைக் காலையில் சாப்பிடுங்கள். மாலையில் சாப்பிட்டால் மூன்று முறை எழுவது ஐந்து முறையாகும், இருட்டில் தடுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு போகும். அம்லோடிபினும் கால்களை வீங்கச் செய்யும் என்பதால், வீக்கம் முழுவதற்கும் இதயத்தையே குற்றம் சொல்ல வேண்டாம். கணுக்காலுக்கு மேல் உள் எலும்பின்மீது கட்டைவிரலைப் பத்து விநாடி அழுத்தி எடுத்துப் பாருங்கள். குழி விழுந்து மெதுவாக நிரம்பினால் அதையும் அதன் நேரத்தையும் குறித்துவையுங்கள். டாபாகிளிஃப்ளோசின் என்ற மருந்தைப் பற்றியும் மருத்துவரிடம் பேசுங்கள். சர்க்கரை நோய்க்காக வந்த அந்த மாத்திரை, சர்க்கரை இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கும் பயன்படுவதாக 2020-ல் தெரிந்தது. 60 விழுக்காடு பம்ப் செய்யும் இதயத்தில் வரும் செயலிழப்புக்கும் உதவுகிறது. இந்தியாவில் அதன் காப்புரிமை முடிந்துவிட்டதால் விலையும் எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. வாந்தி, பேதி வரும் நாட்களில் மட்டும் அதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, காப்பிக்கு முன், எடை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதையில்லை, நீர். அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். அடுத்த முறை போகும்போது எடை நோட்டையும் எக்கோ, 24 மணி நேரப் பதிவு ஆகியவற்றின் தாள்களையும் எடுத்துச் செல்வதோடு, வீட்டில் கிடக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். மருந்துக் கடையில் நீங்களாக வாங்கிய அந்த வலி மாத்திரையின் அட்டை அதில் மேலே இருக்கட்டும்.